ருசி பார்க்கும் அதிகாரம்

என் நினைவில் அவர் எப்போதும் ஒரு கிண்ணத்தோடுதான் நிற்கிறார். உள்ளங்கையில் அடங்குகிற, மூடி போட்ட சிறிய அலுமினியக் கிண்ணம். அதை இரண்டு கைகளாலும் நெஞ்சுக்கு நேரே ஏந்தி, மத்திய சிறை ஒன்றின் அலுவலக வாசலில் அவர் நின்றிருந்தார். உள்ளே அதிகாரி தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். வெளியே வேப்பமரங்களுக்கு அப்பால், தட்டும் கையுமாக நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் அமர்ந்திருந்தார்கள். சிறைச் சமையலுக்கு ஒரு விதி உண்டு. அன்றன்று ஆக்கியதில் ஒரு கிண்ணம் எடுத்துச் சென்று அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அவர் ருசி பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே அண்டாவின் மூடியைத் திறக்கலாம். கைதிகளின் வயிற்றைக் காப்பதற்கு ஏற்பட்ட நல்ல விதிதான் அது. ஆனால் கிண்ணத்தை ஏந்தி நின்றவரின் முகத்தில் பசியோ அவசரமோ சலிப்போ எதுவும் தென்படவில்லை. மழைக்கு ஒதுங்கி நிற்பவரின் முகம் அது. மழை விட்டால் போகலாம், விடாவிட்டால் நிற்கலாம்.

அது 1991. அந்த ஆண்டு எங்கள் ஸ்ரீபெரும்புதூரின் பெயரை நாடே வேறொரு காரணத்துக்காகத் துயரத்தோடு உச்சரித்தது. நான் எழுதப்போவது அதைப் பற்றியன்று. அப்போது நான் சமூகப் பணியில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். தங்கள் வாழ்க்கையில் எவ்வளவு தங்கள் கையில் இருக்கிறது என்று சிறையாளிகள் நம்புகிறார்கள் என்பது என் ஆய்வின் பொருள். கேட்கும் முறை எளிமையானது. எதிரெதிரான இரண்டு வாக்கியங்களை நான் படிப்பேன். அவர்கள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ‘எனக்கு நேர்வதெல்லாம் என் செயலின் விளைவு’ என்பது ஒன்று. ‘எனக்கு நேர்வதெல்லாம் விதியின் விளைவு’ என்பது மற்றொன்று. நல்ல விடைகள் கிடைத்தால் நல்ல பரிந்துரைகள் எழுதலாம், நல்ல பரிந்துரைகள் எழுதினால் சிறைகள் மாறும் என்று அந்த வயதில் நான் உறுதியாக நம்பினேன். என் சொந்த வாழ்க்கையைப் பற்றி யாராவது அதே கேள்விகளைக் கேட்டிருந்தால், எல்லாமே என் கையில் என்றுதான் நான் சொல்லியிருப்பேன்.

விடைகள் நான் எதிர்பார்த்த வரிசையில் வரவில்லை. பேருந்துகளில் பணப்பை அடிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த ஒருவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, “ரெண்டுமே கரீட்டும்மா. எடுக்கும்போது நாந்தான். மாட்டும்போது சாமி,” என்றார். விசாரணைக் கைதியாயிருந்த ஒரு முதியவர் இன்னும் நுட்பமாகப் பதில் சொன்னார். “என் வாழ்க்க ஜட்ஜ் ஐயா கையில கீது. அவரு வூட்ல சண்ட போட்டுனு வந்தா எனக்கு வாய்தா. சிரிச்சினு வந்தா ஜாமீன். அதனால அவரு சம்சாரம் நல்லா இருக்கணும்னு தெனமும் வேண்டிக்கிறேன்.” என் பக்கத்தில் காவலுக்கு நின்ற வார்டர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். சிறை என்றால் துயரத்தின் இருப்பிடம் என்று நினைத்துப் போன எனக்கு, அங்கே மனிதர்கள் சிரிப்பைக்கூடப் பங்கிட்டுக்கொண்டு வாழ்கிறார்கள் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்தது.

கிண்ணத்தோடு நின்றவரை எல்லோரும் பண்டாரி என்று அழைத்தார்கள். சமையற்கட்டின் தலைமைச் சமையல்காரருக்கு அந்தப் பக்கத்தில் வழங்கும் பெயர் அது. நானும் அப்படியே அழைத்துப் பழகினேன். ஆயுள் தண்டனை பெற்றவர். உள்ளே வந்த பிறகுதான் கரண்டி பிடித்தார். பிடித்த கை அந்தக் கரண்டியை விடவே இல்லை. என் வாக்கியங்கள் ஒவ்வொன்றுக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: “எது வசதியோ அத போட்டுக்குங்க மேடம்.”

“உங்கள் சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாதா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“ஐயா சரின்னு சொன்னா சரி.”

“உங்கள் நாக்கு என்ன சொல்கிறது?”

அவர் சிரித்தார். “அது அக்யூஸ்டு நாக்கு மேடம். அது சொல்றது செல்லாது.”

அந்த வார்த்தையை நான் அன்று நகைச்சுவையாகத்தான் எடுத்துக்கொண்டேன். அதன் ஆழம் வேறொரு நாளில் புரிந்தது. தன் வழக்கில் என்ன நடந்தது என்று அன்று அவராகவே சொன்னார். வரப்புத் தகராறு, பக்கத்து நிலத்துக்காரர், வாய்ப்பேச்சு முற்றியது, கையில் அரிவாள் இருந்தது. ஓர் உயிர் போய்விட்டது. “வேளை மேடம். அந்த வேளை அப்பிடி. அருவா தானா போச்சு,” என்றார். அதே தணிந்த குரல், அதே ஒதுங்கி நிற்கிற முகம். அன்று பேருந்தில் திரும்பி வரும்போது இதைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். உப்பைத் தீர்மானிக்கிற நாக்கு தன்னுடையது என்று அவர் ஒப்புக்கொண்டால், அரிவாளை ஓங்கிய கையும் தன்னுடையதாகிவிடும். எதுவுமே என் கையில் இல்லை என்ற நம்பிக்கை அவருக்கு ஒரு கூரை. அதைப் பிரிக்க எனக்கு என்ன உரிமை? பிரித்துவிட்டால் அவர் எங்கே போய் நிற்பார்? இந்தக் கேள்விகளுக்கு என் ஆய்வு முறையில் இடம் இல்லை.

நன்னடத்தையின் பேரில் அவர் அந்தக் கோடையில் விடுதலையானார். பெற்றோர் இறந்துபோயிருந்தார்கள், சொந்த ஊருக்குத் திரும்புவது யாருக்கும் நல்லதன்று. எங்காவது ஒரு வேலை கிடைத்தால் மேற்பார்வையில் விடலாம் என்று நன்னடத்தை அலுவலர் சொன்னார். எனக்கு உடனே மண்ணூர்க் கொட்டகை அக்காவின் நினைவு வந்தது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்ணூரை ஒட்டி ஒரு தொழிற்சாலைக்கு அப்போது அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நெல் விளைந்த இடத்தில் கம்பிக் கட்டுகள் குவிந்திருந்தன. அந்த வேலைக்கு வந்தவர்களுக்குச் சோறு போட, சாலையோரத்தில் கீற்றுக் கொட்டகை ஒன்று கட்டியவர் அக்கா. கணவர் இறந்த பிறகு தனியாளாக அதை நடத்தினார். எனக்கு அவர் தூரத்து உறவும் இல்லை. நான் கல்லூரிப் பேருந்துக்குக் காத்திருக்கும் இடத்தில் அவர் கொட்டகை இருந்தது, அவ்வளவுதான். அவரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று முதலிலேயே முழுவதையும் சொன்னேன். அக்கா வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை.

“கொலகேசா?”

“ஆமாம் அக்கா. தண்டனையை அனுபவித்துவிட்டார்.”

“சமைப்பாரா?”

“எண்ணூறு பேருக்குச் சமைத்தவர்.”

அரிகிற கை நின்றது. “எண்ணூறா! நான் எம்பது பேருக்கு ஆக்கறதுக்குள்ள நாக்குத் தள்ளுது.” சற்று யோசித்தார். “சரி, இட்டாந்து வுடு கண்ணு. அருவாமன எங்கிட்ட இருக்கட்டும். கரண்டி அவரு வச்சிக்கட்டும்.”

வந்து சேர்ந்த அன்று பண்டாரியின் கையில் ஒரு துணிப்பையும், ஸ்ரீபெரும்புதூர்க் கடைத்தெருவில் வாங்கிய புதிய எவர்சில்வர் கிண்ணம் ஒன்றும் இருந்தன. மூடி போட்டது, பழைய கிண்ணத்தின் அதே அளவு. விடுதலையானவர் தனக்கென்று வாங்கிய முதல் பொருள் அது. முதல் நாள் பகலில் இலைகள் போட்டாயிற்று, ஆட்கள் அமர்ந்தாயிற்று, சாம்பாரின் மணம் சாலை வரை போயிற்று. பண்டாரி பரிமாறவில்லை. கிண்ணத்தில் கொஞ்சம் சோறும் சாம்பாரும் எடுத்து மூடி, தண்ணீர்க் குடத்தோடு குழாயடியிலிருந்து வந்துகொண்டிருந்த அக்காவுக்காக வாசலில் போய் நின்றார்.

“இன்னா அண்ணாத்த, கிண்ணத்த ஏந்தினு பொண்ணு பாக்கக் கெளம்பிட்டியா?” என்று கம்பி கட்டுகிற ஒருவர் குரல் கொடுத்தார். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அக்கா குடத்தை இறக்கி, விஷயம் புரியாமல் கிண்ணத்தைத் திறந்து, ஒரு வாய் போட்டுக்கொண்டார். அவர் முகம் மலர்ந்தது. “ஐயோ, இன்னாமா கீது! போடுய்யா போடு!” அதற்குப் பிறகுதான் அண்டாவின் மூடி திறந்தது.

தினமும் இதுவே நடந்தது. சாப்பிட வந்தவர்கள் நாளுக்கு நாள் பெருகினார்கள், சாம்பார் அப்படி. ஆனால் அக்கா ருசி பார்க்காமல் ஒரு கரண்டி வெளியே வராது. அக்கா சந்தைக்குப் போயிருந்தால் சோறு ஆறும். முதலில் சிரித்த அக்கா பிறகு முணுமுணுக்கத் தொடங்கினார். “சமைக்கிறதுக்குக் கை கீது, ருசிக்கு என் வாய் வேணுமா? எனக்கே சில நாளு பல்லு வலிக்குது.” அவர் என்னிடம் முறையிடும்போது நான் பொறுமையாக விளக்கங்கள் கொடுப்பேன். நீண்ட காலம் உத்தரவின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு இப்படி நேர்வது இயல்பு என்பேன். “இயல்பா இருக்கட்டும் கண்ணு. சோறு ஆறுதே, அதுக்கு இன்னா பண்ற?” என்பார் அக்கா.

ஆடி மாதத்தில் ஒரு வாய்ப்பு வந்தது. கட்டடப் பணியின் சூப்பர்வைசர் அக்காவைக் கூப்பிட்டு, வேலையாட்கள் எல்லோருக்கும் இனி பகல் சாப்பாட்டை உள்ளேயே கொண்டுவந்து போட ஒரே ஆளிடம் ஒப்படைக்கப்போவதாகச் சொன்னார். முதலில் ஒரு நாள் போட்டுக் காட்ட வேண்டும். சங்கு ஊதும்போது இலையில் சோறு இருக்க வேண்டும். அடுத்த சங்குக்குள் ஆட்கள் எழுந்துவிட வேண்டும். தாமதமானால் ஒரகடத்துக்காரர் ஒருவர் காத்திருக்கிறார். கீற்றுக் கொட்டகை இன்னும் சில மாதங்களில் சாலை விரிவுக்காகப் பிரிக்கப்படும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இந்த வேலை கிடைத்தால்தான் அக்காவுக்கும் பண்டாரிக்கும் அங்கே பிழைப்பு. ஆனால் சூப்பர்வைசர் குறித்த நாள் ஆடிக் கிருத்திகை. அன்று வல்லக்கோட்டை முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக அக்கா வேண்டிக்கொண்டிருந்தார். நாளை மாற்றச் சொல்லிக் கேட்டார், சூப்பர்வைசர் அசையவில்லை. முருகனிடம் தேதி மாற்றக் கேட்பது முறையன்று என்பது அக்காவின் கட்சி.

“காலைலயே போய்ட்டு வந்துடறேன். கூட்டத்துல மாட்டினு வரலேன்னு வச்சிக்க, நீயே போட்டுடு. இன்னா?”

“சரி,” என்றார் பண்டாரி. சரி என்று சொல்வது அவருக்கு எப்போதுமே எளிது.

கல்லூரி விடுமுறை என்பதால் நானும் கூடப் போனேன். அண்டாக்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு உள்ளே போய் இறக்கினோம். தகரக் கூரையின் கீழே நீளமாக இலைகள் விரித்தாயிற்று. அக்கா வரவில்லை. கிருத்திகைக் கூட்டத்தில் பேருந்துகள் நகரவே இல்லை என்று பின்னால் தெரிந்தது. சங்கு ஊதியது. கொத்தனார்களும் சித்தாள் பெண்களும் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். பண்டாரி கிண்ணத்தை நிரப்பினார், மூடினார், சாலையைப் பார்த்தார். சாலையில் புழுதி மட்டும் இருந்தது. நேராகச் சூப்பர்வைசரிடம் போய்க் கிண்ணத்தை நீட்டினார். அவர் பதறிப் பின்வாங்கினார்.

“யோவ், இன்னிக்குக் கிருத்திகைய்யா! நான் விரதம். தண்ணி தவிர வாயில ஒண்ணும் படாது.”

பண்டாரி மேஸ்திரியிடம் போனார். அவர் நெற்றியிலும் பட்டையாகத் திருநீறு, அவரும் விரதம். அந்த இடத்தில் உத்தரவிடக்கூடிய நிலையில் இருந்தவர்கள் எல்லோரும் முருகனுக்காகப் பட்டினி கிடந்தார்கள். கடைசியில் கிண்ணம் என் முன்னால் வந்தது. படித்தவள், அவருடைய விடுதலைக்கு நன்னடத்தை அலுவலரோடு வந்து கையெழுத்துப் போட்டவள் என்ற வகையில் மிச்சமிருந்த அதிகாரம் நான்தான்.

அந்தக் கணத்தில் என் மனம் தராசாகிவிட்டது. நான் ஒரு வாய் சாப்பிட்டுச் சரி என்று சொன்னால் இத்தனை பேரும் பசியாறுவார்கள். அக்காவுக்கு வேலை கிடைக்கும். ஆனால் பண்டாரி ஆயுள் முழுவதும் வாசலில் நிற்பார். நான் மறுத்தால் அவர் ஒருவேளை மாறலாம். ஆனால் அந்த ஒருவேளைக்கு விலை கொடுப்பவர்கள் காலையிலிருந்து மண் சுமந்தவர்கள். ஒருவரைத் திருத்துவதற்காக மற்றவர்களைப் பட்டினி போட எனக்கு மனம் வரவில்லை. கையை நீட்டினேன்.

அப்போது வரிசையிலிருந்து அந்தக் கம்பி கட்டுகிறவர் கத்தினார்: “யாரு துன்னு பாத்தா இன்னா அண்ணாத்த? உப்பு கம்மியா இருந்தா உன்னத்தான் திட்டப் போறோம். அந்தப் பொண்ணயா திட்டுவோம்?”

“திட்றதுக்கும் வாயில தெம்பு வேணும்யா, மொதல்ல போடு!” என்றாள் ஒரு சித்தாள். தகரக் கூரை அதிரும்படி சிரித்தார்கள்.

பண்டாரி சிரிக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். நீட்டிய கிண்ணத்தை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். என் கை வெறுமையாகக் காற்றில் நின்றது. மூடியைத் திறந்தார். விரல்களால் சிறிது எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றார். எத்தனையோ அண்டாக்களை ஆக்கிய அந்த மனிதர், பரிமாறுவதற்கு முன் தன் சமையலைத் தானே ருசி பார்ப்பதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவர் கண் திறந்து, உரத்த குரலில், “உப்பு பத்தல,” என்றார்.

ஓவென்று ஓர் ஆரவாரம். அவர் அதைப் பொருட்படுத்தாமல் உப்புப் பையில் கைவிட்டு, ஒரு பிடி அள்ளி அண்டாவில் போட்டுத் துடுப்பால் கிண்டினார். மறுபடி ருசி பார்த்தார். “இப்ப போடலாம்,” என்றார். யாரிடமும் கேட்கவில்லை, அறிவித்தார். அடுத்து நடந்ததை வேகம் என்றுதான் சொல்ல வேண்டும். எண்ணூறு பேருக்குப் பரிமாறிய கை. வாளி ஒரு முனையில் புறப்பட்டால் மறுமுனையில்தான் நின்றது. நானும் தண்ணீர் ஊற்றினேன், அப்பளம் போட்டேன், புடவையில் சாம்பார் கொட்டிக்கொண்டேன். இரண்டாம் சங்கு ஊதியபோது ஏப்பங்கள் பதில் சொல்லின. சூப்பர்வைசர் மூக்கால் மட்டும் சாப்பிட்டுவிட்டு, “நாளைலேர்ந்து கொண்டாங்க,” என்றார்.

அக்கா ஓடி வந்தபோது அண்டா கவிழ்ந்திருந்தது. ஈரத் தலை, நெற்றியில் சந்தனம், கையில் செருப்பு. மூச்சிரைக்க எல்லா முகங்களையும் பார்த்தார். “போட்டாச்சா? யாரு ருசி பாத்தது?”

“நாந்தான்,” என்றார் பண்டாரி.

அக்கா அப்படியே மணல் குவியலின் மேல் உட்கார்ந்து சிரித்தார்; சிரிப்பு அழுகையாகி மறுபடி சிரிப்பாயிற்று. அன்று மாலை பாத்திரம் துலக்கும்போது, யாரும் கேட்காமலே பண்டாரி பேசினார். சாம்பலால் அண்டாவைத் தேய்த்தபடி, அதன் உட்புறத்திடம் சொல்வதுபோலச் சொன்னார்: “அன்னிக்கு அருவாவ எடுத்ததும் நாந்தான். வேளைன்னு சொல்லினு இருந்தேன். வேளைக்குக் கை ஏது?”

அக்கா தேய்ப்பதை நிறுத்தவில்லை. “தெரியும்யா. அருவா தானா நடந்து வந்ததா எங்கியாச்சும் கீதா? அந்தப் பக்கம் சரியா தேயி, அடி புடிச்சிருக்குது.” ஒரு மனிதரின் ஒப்புதலை அதைவிடப் பெரிய மரியாதையோடு யாரும் ஏற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு ஆண்டுக்கொரு முறை, தன்னால் இறந்தவரின் ஊருக்கு அவர் போய்வரத் தொடங்கினார். அந்த வீட்டார் கதவைத் திறக்கவில்லை. திறக்க வேண்டியதில்லை என்றே நானும் நினைக்கிறேன். தெருவில் சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவார். எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டேன். “தொறக்கறது அவங்க இஷ்டம். போய் நிக்கறது நான் எடுத்த முடிவு,” என்றார். என் ஆய்வுக்கு அந்த ஒரு விடை போதுமாயிருந்திருக்கும். ஆனால் அதற்குள் ஆய்வைச் சமர்ப்பித்துப் பட்டமும் வாங்கியிருந்தேன்.

அந்த ஆடிக்கு அடுத்த தை பிறந்ததும் நடந்த ஒன்றை அக்காவே என்னிடம் சொன்னார், சொல்லும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். “கிண்ணத்துல பாயசம் எடுத்தாந்து நீட்டுது. ருசி பாக்கணுமான்னு கேட்டேன். ‘வாணாம், நானே பாத்துட்டேன், இனிப்பு சரியாத்தான் கீது. நீ சும்மா சாப்புடு. உன்ன கட்டிக்கணும்னு நெனக்கிறேன். நாந்தான் நெனக்கிறேன், யாரும் சொல்லிக் குடுக்கல’ன்னுச்சு.”

“நீங்கள் என்ன சொன்னீர்கள் அக்கா?”

“இன்னா சொல்றது? முந்திரி போட்டிருக்கலாம்னேன்.”

வல்லக்கோட்டையில் திருமணம் நடந்தது. கம்பி கட்டுகிறவர் மாப்பிள்ளைத் தோழன். விருந்து எத்தனை பேருக்கு என்று பண்டாரியிடம் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டதால், பழைய கணக்கில் ஆக்கிவிட்டார். முருகனைப் பார்க்க வந்த அத்தனை பேரும் அன்று எங்கள் விருந்தாளிகள்.

சென்ற மாதம் வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலைக்குப் பெண் தொழிலாளர்களின் குறைகளைக் கேட்பதற்காகப் போயிருந்தேன். பகலுணவுக் கூடம் எங்கள் ஊர் கல்யாண மண்டபத்தைவிடப் பெரியது. சமையலை ஒப்பந்தத்தில் எடுத்திருப்பவர்கள் பண்டாரியும் அக்காவும்தான் என்பது எனக்குத் தெரியும். இப்போது நீல உடையும் தலைக்கு வலையும் போட்ட பெண்கள் பரிமாறுகிறார்கள்; பண்டாரி நாற்காலியில் அமர்ந்து மேற்பார்வை பார்க்கிறார். அங்கேயும் அதே விதி இருக்கிறது. நிர்வாகத்திலிருந்து ஓர் இளைஞர் வந்து உணவை ருசி பார்க்க வேண்டும். அன்று அவருக்கு ஏதோ கூட்டம். தாமதமாக ஓடி வந்தார். அதற்குள் ஷிப்ட் முழுவதும் பாதி சாப்பிட்டிருந்தது. பண்டாரி பக்கத்து மேசையிலிருந்து அந்த எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்து, சோறும் சாம்பாரும் போட்டு அவரிடம் நீட்டினார்.

“இன்னும் டேஸ்ட் பண்ணலியே சார், அதுக்குள்ள போட்டுட்டீங்களா?” என்றார் இளைஞர்.

“பாத்துட்டுத்தான் தம்பி போட்டேன். நீங்க பசிக்குச் சாப்புடுங்க.”

கிண்ணத்தின் விளிம்பு நெளிந்திருந்தது, அடியில் கரி ஏறியிருந்தது, அதே கிண்ணம்தான். ஆனால் ஏதோ குறைந்தது. “மூடி எங்கே?” என்று கேட்டேன். பண்டாரி அக்காவைப் பார்த்தார். அக்கா என் இலையின் ஓரத்தில் ஊறுகாய் வைத்துக்கொண்டிருந்தார்.

“அதுவா? சும்மா கெடந்துச்சு கண்ணு. இந்த ஜாடிக்குப் போட்டுட்டேன். அளவு எடுத்த மாதிரி சரியா கீது பாரு.”